செப்டிக் டேங்க் லாரியைக் கூப்பிடும் முன்: மதுரைப் புறநகருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

சிம்மக்கல்லில் வாடகைக்கு இருந்த பதினோரு வருஷமும் கழிவறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை. பாதாளச் சாக்கடை இருந்தது, அதில் போனது. கண்ணனேந்தல் பக்கம் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிவந்த முதல் ஐப்பசியில், அடைமழைக்கு நடுவே ஒரு காலை, கழிவறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் விளிம்புவரை வந்து நின்றது. வீட்டில் மாமியார், இரண்டு பிள்ளைகள். அவசரத்தில் மின்கம்பத்தில் எழுதியிருந்த எண்ணைக் கூப்பிட்டோம். இரண்டு லோடு என்று 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்கள். எட்டே மாதத்தில், ஆனியில், மறுபடி அதே நாற்றம்.

இரண்டாம் முறை பத்து நாள் விசாரித்து, வேறு வண்டியை வரவழைத்தோம். ஒரே லோடு, 2,800 ரூபாய். அதன்பிறகு இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது. அந்தப் பத்து நாளில் தெரிந்துகொண்டது இது. இதில் நான் சொல்லும் தொகையெல்லாம் எங்கள் வீட்டுக்கு ஆனது. உங்கள் பகுதி, தூரம், வண்டியின் கொள்ளளவைப் பொறுத்து மாறும்.

1. உங்கள் வீட்டில் இருப்பது என்ன என்று முதலில் கண்டுபிடியுங்கள்

பழைய மதுரைக்குள் பாதாளச் சாக்கடை உண்டு. 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த திருப்பாலை, கண்ணனேந்தல், ஆனையூர், விளாங்குடி, அவனியாபுரம் மாதிரியான பகுதிகளில் தெருவுக்குத் தெரு நிலைமை வேறு. பக்கத்துத் தெருவில் இணைப்பு இருக்கிறது என்பதால் உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். வீட்டை விற்றவர் "எல்லாம் டிரெய்னேஜ்தான்" என்று சொன்னதை நம்பி ஆறு மாதம் ஓட்டியவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

தொட்டிதான் என்றால், அதிலும் மூன்று வகை உண்டு.

செங்கல் அல்லது கான்கிரீட்டில் கட்டிய தொட்டி: அடித்தளம் மூடியிருக்கும், நடுவில் தடுப்புச் சுவர் இருக்கும். கழிவு அடியில் படியும், எண்ணெய்ப் பசையெல்லாம் மேலே ஏடாக மிதக்கும், நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் மறுபக்கக் குழாய் வழியாக உறிஞ்சு குழிக்கு, அதாவது தண்ணீரை மண்ணுக்குள் இறங்கவிடும் தனிக் குழிக்கு, போகும். இதுதான் உண்மையான செப்டிக் டேங்க்.

சிமென்ட் உறைகளை அடுக்கி இறக்கிய குழி: அடி திறந்திருக்கும். இதையும் ஊரில் எல்லாரும் செப்டிக் டேங்க் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் கழிவுநீர் நேராக மண்ணுக்குள் போகிறது. பக்கத்தில் குடிநீர்க் கிணறோ ஆழமில்லாத போர்வெல்லோ இருந்தால் கவனம். ஐஎஸ் 2470 என்ற இந்தியத் தரநிலை, உறிஞ்சு குழிக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ 60 அடி கேட்கிறது. 3 சென்ட், 4 சென்ட் மனைகளில் இது எங்கே நடக்கும்? அதனால் அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் இருப்பதுதான் நம் கையில் உள்ளது.

ரெடிமேடு பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் தொட்டி: புதிய வீடுகளில் இது அதிகம்.

எது என்று தெரிந்துகொள்ள, வீட்டுப் பத்திரங்களோடு வந்த கட்டட அனுமதி வரைபடத்தைப் பாருங்கள். அதில் தொட்டியின் இடமும் அளவும் குறித்திருக்கும். வரைபடப்படியே கட்டியிருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வீட்டைக் கட்டிய கொத்தனார் அதே ஊரில் இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டுவிடுவது மேல். எங்களுக்கு உண்மையைச் சொன்னவர் அவர்தான்.

2. மூடியைத் தேடுங்கள்

சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் முந்தைய உரிமையாளர் கார் நிறுத்துமிடத்துக்கு அழகாக டைல்ஸ் போட்டு, அதற்குக் கீழே இரண்டு மூடிகளையும் புதைத்துவிட்டார். மழையில் நனைந்துகொண்டு கடப்பாரையால் உடைத்தோம்.

தொட்டியின் வாயு வெளியேற வைத்திருக்கும் காற்றுக் குழாய் எங்கே நிற்கிறதோ அதற்கு அடியிலோ பக்கத்திலோதான் தொட்டி இருக்கும். கழிவறையிலிருந்து வெளியே வரும் குழாயின் திசையையும் பாருங்கள். ஓர் அறைக்கு ஒரு மூடி என்று கணக்கு. தடுப்புச் சுவர் உள்ள தொட்டிக்கு இரண்டு மூடிகள் வேண்டும். ஒன்றுதான் கண்ணில் படுகிறது என்றால் இன்னொன்று மண்ணுக்கோ டைல்ஸுக்கோ அடியில் இருக்கிறது என்று அர்த்தம். இதை வெயில் காலத்தில் ஆற அமரச் செய்யுங்கள். மூடியைத் திறந்து மறுபடி போட வசதியாகக் கொக்கி வைத்த சிலாப் போட்டுக்கொள்ளலாம். கொத்தனார் கூலியோடு எங்களுக்கு 1,800 ரூபாய் ஆனது.

3. கொள்ளளவைக் கணக்குப் போடுங்கள்

நான் 5,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தது இந்தக் கணக்கு தெரியாததால்தான்.

தொட்டியின் உள் நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் மூன்றையும் அடியில் எடுத்துப் பெருக்குங்கள். வருவது கன அடி. அதை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர். தண்ணீர் நிற்கும் ஆழம் என்பது வெளியேறும் குழாயின் மட்டம் வரைக்கும்தான். அதற்கு மேல் ஓர் அடி போலக் காற்றுக்கு விட்டிருப்பார்கள், அதைச் சேர்க்கக் கூடாது.

எங்கள் தொட்டி 8 அடி நீளம், 4 அடி அகலம், 5 அடி தண்ணீர். 160 கன அடி. சுமார் 4,500 லிட்டர். அன்று வந்த வண்டியின் முதுகில் 6,000 லிட்டர் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. 4,500 லிட்டர் தொட்டிக்கு 6,000 லிட்டர் வண்டி ஏன் இரண்டு முறை வர வேண்டும்? நான் கேட்கவில்லை. மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அடைமழையில் உறிஞ்சு குழியிலிருந்து தண்ணீர் தொட்டிக்குத் திரும்பி வந்து அளவு கூடுவதும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் இரண்டாவது லோடு எப்போதுமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். காரணம் கேளுங்கள், மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

4. எப்போது எடுக்க வேண்டும்

பொதுவாக 2 அல்லது 3 வருஷத்துக்கு ஒருமுறை. "இருபது வருஷமா எடுத்ததே இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் அனேகமாகக் கழிவு உறிஞ்சு குழிக்குள் போய்க்கொண்டிருக்கும். அது அடைத்துக்கொண்டால் புதுக் குழி வெட்டும் செலவில் பத்து முறை லாரி கூப்பிடலாம்.

இன்னொரு விஷயம், புதிதாக வருபவர்கள் எல்லாரும் பதறும் இடம். சுத்தம் செய்த பத்து நாளில் மூடியைத் திறந்து பார்த்து "ஐயோ, அதுக்குள்ள நிறைஞ்சிருச்சே" என்பார்கள். செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும், அது அப்படித்தான் வேலை செய்கிறது. வீட்டிலிருந்து தினமும் 450 லிட்டர் இறங்கினால் எங்கள் தொட்டி பத்து நாளில் நிறையும். அதன்பின் ஒரு குடம் உள்ளே போனால் ஒரு குடம் வெளியே போகும். பார்க்க வேண்டியது தண்ணீர் மட்டத்தை இல்லை, அடியில் எவ்வளவு சேறு படிந்திருக்கிறது என்பதை.

அதற்கு ஒரு நீளமான கம்பு போதும். அதன் கீழ்ப் பாதியில் பழைய வெள்ளை வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டி, தரை தட்டும்வரை மெதுவாக இறக்கி, சில நிமிஷம் விட்டு எடுங்கள். சேறு இருந்த உயரம்வரை துணியில் கரேலென்று ஒட்டியிருக்கும். அடிச் சேறும் மேலே மிதக்கும் ஏடும் சேர்ந்து தண்ணீர் ஆழத்தில் பாதியைத் தாண்டினால் வண்டியைக் கூப்பிட்டுவிட வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. நான் மூன்றில் ஒரு பங்கு வந்ததுமே கூப்பிடுவேன். மூடியைத் திறந்ததும் தலையை உள்ளே நீட்டாதீர்கள். கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, தள்ளி நின்றுகொண்டு கம்பை இறக்குங்கள். பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது, உள்ளே தீப்பற்றும் மீத்தேன் வாயு இருக்கும்.

மாதம் எது? மதுரைக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர்வரை. அந்த மூன்று மாதத்தையும் தவிர்த்துவிடுங்கள். கண்மாய் நிறைந்தால் நிலத்தடி நீரும் ஏறும். வண்டிக்காரர்களுக்கு அப்போது ஓயாத வேலை. கூப்பிட்டால் இரண்டு நாள் கழித்து வருவார்கள், விலையும் அவர்கள் சொல்வதுதான். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று: நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது பிளாஸ்டிக் தொட்டியை முழுக்கக் காலி செய்தால், வெளித் தண்ணீரின் அழுத்தத்தில் அது மண்ணைப் பிளந்துகொண்டு மேலே மிதந்து வந்துவிடும். உறைக்குழியில் உறைகள் நகர்ந்து மண் சரியும். மாசியிலிருந்து ஆடிக்குள் ஒரு நாளை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.

5. வண்டியைத் தேடுவது

மின்கம்பத்தில் எழுதிய எண், மதில்சுவரில் ஒட்டிய நோட்டீஸ் இரண்டையும் மறந்துவிடுங்கள். அவர்களில் நல்லவர்கள் இல்லை என்று சொல்லவில்லை, அவசரத்தில் தரம் பார்த்துப் பிரிக்க உங்களால் முடியாது.

14420 என்ற உதவி எண் இதற்கென்றே இருக்கிறது. அதோடு மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் உரிமம் பெற்ற வண்டிகளின் விவரம் கேளுங்கள். எல்லைக்கு வெளியே இருந்தால் ஊராட்சி அலுவலகம். அப்புறம், உங்கள் தெருவில் கடந்த ஒரு வருஷத்தில் எடுத்தவர் யார் என்று விசாரியுங்கள். எனக்கு இரண்டாவது வண்டி கிடைத்தது எதிர்வீட்டு அக்கா மூலமாகத்தான்.

தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிப் பகுதிகளில் கழிவுநீர் வண்டிகள் உரிமம் பெற்றுத்தான் ஓட வேண்டும். 2023-இல் வந்த விதிகளின்படி உரிமம் இரண்டு வருஷத்துக்குச் செல்லும். ஆகவே போனிலேயே கேட்க வேண்டியவை:

உரிமத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவீர்களா? தேதி முடிந்திருக்கிறதா, அதிலுள்ள வண்டி எண்ணும் வாசலில் வந்து நிற்கும் வண்டியின் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒருவர் பெயரில் உரிமம், வேறு வண்டியில் வேலை என்பது நடக்கிறது.

வண்டி எத்தனை லிட்டர்? ஹோஸ் எத்தனை அடி? எங்கள் தெரு முக்கில் பெரிய வண்டி திரும்பாது. "வண்டிய மெயின் ரோட்டுலயே போட்டுட்டு ஹோஸ விட்டுக்கிறலாம்க்கா" என்றார் ஓட்டுநர். 100 அடிக்கு மேல் போனால் கூடுதலாகக் கேட்பார்கள். முன்னாலேயே அடி எடுத்துச் சொல்லிவிட்டால் வாசலில் வாக்குவாதம் இருக்காது.

அடிச் சேற்றையும் எடுப்பீர்களா, மேல் தண்ணீரை மட்டுமா? இதைத்தான் நான் முதல் முறை கேட்காமல் விட்டேன். பதில் இழுத்தால் வேறு வண்டி பாருங்கள்.

எங்கே கொண்டுபோய் ஊற்றுவீர்கள்?

உங்கள் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டிய தாள்கள் அதிகம் இல்லை. சொத்துவரி ரசீது, வரைபட நகல், முன்பு எடுத்த தேதியும் ரசீதும் இருந்தால் அது. வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் செலவு யாருடையது என்பதை ஒரு வரி எழுத்தில் வாங்கிவையுங்கள். ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒன்றும் இருக்காது, கடைசியில் குடியிருப்பவர் தலையில்தான் விழும்.

6. விலை பேசும்போது

"ஒரு லோடு எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "இந்த அளவு தொட்டி, அடிச் சேறு வரை எடுத்து முடிக்க மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். லோடு கணக்கில் பேசினால் அரை வண்டியும் ஒரு லோடுதான். மூடி திறக்கும் கூலி, ஹோஸ் கூலி, டீச்செலவு என்று பின்னால் சேரும் பட்டியலையும் அப்போதே முடித்துவிடுங்கள். நாங்கள் பேசியது 2,500. இறுகிய சேற்றைக் கலக்கி எடுக்கக் கூடுதலாக 300. அது நியாயம்தான், நேரம் இரட்டிப்பாக ஆனது.

7. வண்டி வரும் நாள்

காலையிலேயே வரச் சொல்லுங்கள். முந்தின நாளே மூடிகளின் பூச்சை உடைத்து வையுங்கள், ஆனால் திறந்து போடாதீர்கள். பிள்ளைகளும் நாய்களும் உள்ள தெரு. கலக்குவதற்கு இரண்டு மூன்று டிரம் தண்ணீர் வேண்டும். போர் தண்ணீர் போதும், மோட்டாரைப் போட்டு வையுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஒரு மணிநேரம் நாறும்.

வேலை நடக்கும்போது உள்ளே போய் டிவி பார்க்காதீர்கள். தள்ளி நின்று கவனிக்க வேண்டியது நாலு.

மேல் ஏடும் தண்ணீரும் முதலில் வரும், குழாய் சலசலவென்று இழுக்கும். தண்ணீர் குறைந்ததும் "முடிஞ்சது" என்பார்கள். முடியவில்லை. அடியில் இருப்பதைக் கம்பால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் இரண்டாவது ஓட்டுநர் அப்படிக் குத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போன தடவ வந்தவன் மேல தண்ணிய மட்டும் உறிஞ்சிட்டுப் போயிருக்கான்க்கா. அடியில களி மாதிரி அப்பியிருக்கு. தண்ணி அடிச்சுக் கலக்கினாத்தான் வரும்." வண்டியிலிருந்தே கொஞ்சம் தண்ணீரைத் திருப்பி வேகமாக அடித்து, கலக்கி, மறுபடி உறிஞ்சினார்கள். மூன்று சுற்று. எட்டே மாதத்தில் மறுபடி நாறியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

இரண்டு அறைகளிலும் எடுக்கச் சொல்லுங்கள். முதல் அறையோடு நிறுத்துவது வழக்கமான தந்திரம்.

தண்ணீர் மட்டம் இறங்கியதும் வெளியேறும் குழாயைப் பாருங்கள். அதிலிருந்து தண்ணீர் தொட்டிக்குள் திரும்பி வழிந்தால் உறிஞ்சு குழி நிறைந்து கிடக்கிறது. கோளாறு அங்கே, தொட்டியில் இல்லை. கரிசல் மண்ணில் இது அடிக்கடி நடக்கும், அந்த மண் ஈரத்தை விட்டுத்தராது. எத்தனை லாரி வந்தாலும் தீராது, குழிக்குத்தான் வழி பார்க்க வேண்டும். தண்ணீரைத் தெருவோர மழைநீர் வாய்க்காலில் திருப்பிவிடுவது வழி ஆகாது. பாதித் தெரு அதைத்தான் செய்கிறது என்றாலும் அது சட்டப்படி தவறு.

அடியில் ஓர் அங்குலம் போலச் சேற்றை விட்டுவிடச் சொல்லுங்கள். கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அதில்தான் இருக்கின்றன. தொட்டியைக் கழுவித் துடைத்துப் பளபளப்பாக்குவது வீண் வேலை. பிளீச்சிங் பவுடர் கொட்டுவது அதைவிட மோசம்.

8. யாரையும் உள்ளே இறக்காதீர்கள்

முதல் முறை வந்த வண்டியோடு ஒரு பையன் வந்திருந்தான், இருபது வயதுகூட இருக்காது. தண்ணீரை இழுத்து முடித்ததும் வண்டிக்காரர் சொன்னார்: "அடியில கொஞ்சம் கிடக்குக்கா. இவன இறக்கி வழிச்சிட்டாச் சுத்தமாயிரும். ஆயிரம் சேத்துக் குடுங்க." என் வீட்டுக்காரர் தலையாட்டப் போனார். பையன் ஏற்கெனவே சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று நான் சத்தம் போட்டது ஏதோ எல்லாம் தெரிந்து இல்லை. அந்த நாற்றத்துக்குள் ஒரு பிள்ளை இறங்குவதைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். மற்றதெல்லாம் பிறகு படித்தது.

தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு இருக்கும். குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கின் மோப்பத் திறனையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லையே என்று இறங்குபவர் சில மூச்சில் விழுந்துவிடுவார். காப்பாற்றப் பின்னால் இறங்குபவரும் விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் இறந்தார்கள் என்ற செய்திகள் எல்லாமே இப்படித்தான். தண்ணீர் காலியான தொட்டியும் ஆபத்துதான், சேற்றைக் கிளறும்போது வாயு வெளியே வரும்.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. நேரடியாகவோ வேறொருவர் மூலமாகவோ யார் இறக்கினாலும் குற்றம், வீட்டுக்காரருக்கும் விலக்கு இல்லை. முதல் முறைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிர் போனால் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது.

வண்டியைப் பேசும்போதே "ஆள் இறங்கக் கூடாது, குழாயால் வருவது வந்தால் போதும்" என்று சொல்லிவிடுங்கள். தப்பித்தவறி யாராவது விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காதீர்கள். தீயணைப்புத் துறைக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108.

9. ரசீது வாங்காமல் வண்டியை விடாதீர்கள்

தேதி, வண்டி எண், எடுத்த லிட்டர், ஊற்றும் இடம், தொகை. இந்த ஐந்தும் இருக்க வேண்டும். அச்சடித்த ரசீது இல்லை என்பார்கள், பரவாயில்லை, வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். வண்டி எண் தெரியும்படி போனில் ஒரு படமும் எடுத்துவையுங்கள்.

மதுரை மாநகராட்சியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் அவனியாபுரம் வெள்ளக்கல்லிலும் சக்கிமங்கலத்திலும் இருக்கின்றன. வண்டிகள் அனுமதிக்கப்பட்ட இடத்தில்தான் ஊற்ற வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க ராத்திரியில் கண்மாயிலும் ஓடையிலும் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் முதல் முறை எடுத்த நாலாம் நாள், கொஞ்சம் தள்ளி இருக்கும் ஓடையில் யாரோ கொட்டிவிட்டார்கள் என்று ஊரே கூடி நின்றது. அது எங்கள் வீட்டுக் கழிவா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்ல என்னிடம் ரசீதும் இல்லை.

10. மூடும் முன் கால்மணி நேரம்

தொட்டி காலியாக இருக்கும் நேரம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். டார்ச் அடித்து மேலிருந்தே பாருங்கள். உள்ளே வரும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் டி வடிவத் துண்டு கீழ்நோக்கி இருக்கிறதா? உடைந்து விழுந்திருந்தால் ஏடு நேராக உறிஞ்சு குழிக்குப் போய் அடைத்துவிடும். துண்டின் விலை சொற்பம், குழியின் விலை அப்படி இல்லை. சுவரில் விரிசல், சிலாப்பில் கம்பி துருப்பிடித்து வெளியே தெரிகிறதா என்றும் பாருங்கள். அப்படித் தெரியும் சிலாப் மேல் காரை நிறுத்துவது ஆகாது, மாற்றிவிடுங்கள்.

காற்றுக் குழாயின் வாயில் கொசுவலையைக் கட்டுங்கள். மூடியைச் சுற்றிச் சிமென்ட் கலவை பூசுங்கள். இதை மட்டும் செய்ததில் எங்கள் வீட்டுக் கொசு பாதியாகக் குறைந்தது. பிளாஸ்டிக் தொட்டி என்றால் அன்றைக்கே தண்ணீர் நிரப்பிவிடுங்கள்.

11. அடுத்த முறை வரை

நாப்கின், டயாபர், ஈரத் துடைப்பான், தலைமுடி, சமையல் எண்ணெய் எதுவும் கழிவறைக்குள் போகக் கூடாது. ஆசிட்டை வாரா வாரம் ஊற்றாதீர்கள், நுண்ணுயிர்கள் சாகும். மாடித் தண்ணீரையும் வாஷிங் மெஷின் தண்ணீரையும் தொட்டிக்குள் விட்டிருந்தால் பிளம்பரைக் கூப்பிட்டுப் பிரித்துவிடுங்கள். வேகமாக வரும் தண்ணீர் சேற்றைக் கிளப்பிக் குழிக்குத் தள்ளும்.

"இந்தப் பொடியைப் போட்டால் லாரியே வேண்டாம்" என்று வீட்டுக்கு வந்து விற்பார்கள். நானும் ஒரு டப்பா வாங்கினேன். சேற்றில் மட்காத பங்கு என்று ஒன்று இருக்கிறது, அதை எந்தப் பொடியும் கரைக்காது.

12. பாதாளச் சாக்கடை வந்துவிட்டால்

உங்கள் தெருவில் இணைப்பு கொடுக்கத் தொடங்கினால் சொத்துவரி ரசீதோடு போய் விண்ணப்பியுங்கள். இணைத்த பிறகு பழைய தொட்டியை அப்படியே மூடி வைக்காதீர்கள். கடைசியாக ஒருமுறை லாரி வைத்துக் காலி செய்து, மணல் நிரப்பி மூட வேண்டும். சும்மா விட்ட தொட்டியின் சிலாப் ஒருநாள் உள்வாங்கும்.

அதுவரைக்கும், மூடிக்குப் பக்கத்துச் சுவரில் எடுத்த தேதியையும் கொள்ளளவையும் பெயின்டில் எழுதிவையுங்கள். எங்கள் வீட்டுச் சுவரில் "ஆனி, 4,500 லிட்டர், 2 மூடி" என்று இருக்கிறது. போன மாதம் கம்பு விட்டுப் பார்த்தேன். சேறு ஓர் அடியைத் தாண்டிவிட்டது. வருகிற மாசிக்கு வண்டி சொல்லி வைத்திருக்கிறேன்.